பெரியப்பாவின் எட்டாம் அத்தியாயம்

தம்பி,

எழுதியதைத் திருத்துவதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று போன வாரம் போனில் கேட்டாய். எனக்குத் தெரியாது. பல ஆண்டுகளாகக் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன், நானும் கொஞ்சம் எழுதுகிறேன், மொழிபெயர்க்கிறேன். இருந்தும் தெரியாது. வகுப்பில் யாராவது கேட்டால் தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லி வைப்பேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நாளைக்கு உன் பெரியப்பாவுக்கு எழுபது வயது. தலத்தெரு மண்டபத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிடுகிறார்கள். நீ மேடையேறி, உன்னை வளர்த்து ஆளாக்கியவர் என்று அவருக்கு நன்றி சொல்லப் போகிறாய். அந்தப் பேச்சைப் பார்த்துத் தரச் சொன்னபோதுதான் அந்தக் கேள்வியையும் கேட்டாய். நீ சென்னையில் பஸ் ஏறுவதற்குள் இது மெயிலில் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் பேச்சின் முதல் வடிவத்தில் பெரியப்பா தெய்வமாக இருந்தார். "இன்னொரு தடவை பார்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அடுத்ததில் ஆலமரம் ஆனார். மறுபடியும் பார் என்றேன். மூன்றாவதில் கலங்கரை விளக்கமாகிவிட்டார். நம் ஊர்க் கடற்கரையில் ஒன்று நிற்பதால் அது நினைவுக்கு வந்திருக்கும். உடனே போன் செய்து சலித்துக்கொண்டாய். "என்னம்மா, மூணு தடவ திருத்திட்டேன், இன்னும் பாருங்கறீங்க?" என்றாய். "மாத்தியிருக்க. திருத்தல" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே? வேணும்னா இமயமலைன்னு போட்டுடவா?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். நான் ஏன் அத்தனை தடவை திருப்பி அனுப்பினேன் என்பதை அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மாணவர்கள் எல்லாரும் உன்னைப் போலத்தான் திருத்துவார்கள். சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது, இனிச் சொற்கள்தான் பாக்கி என்று நினைப்பார்கள். போன வருடம் மீனவர் குப்பத்திலிருந்து வரும் ஒரு பெண், புயல் எச்சரிக்கை வந்த அன்று அப்பா கடலில் இருந்ததைப் பற்றி எழுதினாள். திருத்திக்கொண்டு வா என்றதும், கடல் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஓரிடத்தில் ஆழி, ஓரிடத்தில் சமுத்திரம் என்று போட்டுக்கொண்டு வந்தாள். "உங்க வீட்ல கடல என்னன்னு சொல்வீங்க?" என்றேன். "கடல்னுதான் மேடம்." "அப்ப இது யாரு பேசறது?" என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தாள். கட்டுரையின் கடைசி வரியில், போகிற போக்கில், அம்மா ரேடியோவை அணைத்துவிட்டாள் என்று எழுதியிருந்தாள். அம்மா ஏன் அணைத்தாள் என்று கேட்டேன். அந்தப் பெண் கட்டுரையை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் கொண்டுவந்த கட்டுரை அந்த ரேடியோவில் தொடங்கியது. பழைய கட்டுரையில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வரிதான். அவள் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் திருத்தினாள்.

பழகியவர்கள் சொற்களைக் கடைசியாகத்தான் தொடுவார்கள். என் வழக்கத்தைச் சொல்கிறேன், இதுதான் சரியென்று வாதாட மாட்டேன். எழுதி முடித்ததும், இதில் யார் இல்லை என்று முதலில் பார்ப்பேன். யாரோ ஒருவர் அந்த வீட்டில் இருந்திருப்பார், அந்த நாளில் நின்றிருப்பார், எழுதிய பக்கத்தில் மட்டும் இருக்க மாட்டார். அவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் மற்றவர்கள் எல்லாரும் இடம் மாறி உட்கார வேண்டிவரும். பாதிப் பக்கங்களைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். வலிக்கும். கலங்கரை விளக்கத்தை இமயமலை ஆக்குவதில் எந்த வலியும் கிடையாது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலையில் உன் பெரியப்பா வரிச்சிக்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்காலியில் இன்னமும் அப்படித்தான் உட்காருவார். பிளாஸ்டிக் கவரிலிருந்து டைப் செய்த தாள்களை எடுத்து மேசை மேல் வைத்தார். "ஏம்மா, நீ காலேஜுல இங்கிலீஷ் நடத்துறவ. ஆனா தமிழும் நல்லா எழுதுவன்னு பையன் சொன்னான். எழுத்துப் பிழை மட்டும் பாத்துக் குடு. விஷயமெல்லாம் சரியா இருக்கு, அதுல கை வைக்க வேணாம்" என்றார். வைக்க மாட்டேன் மாமா என்றேன். அவர் காபி குடித்துவிட்டுப் போனபின் நேராக எட்டாம் அத்தியாயத்தை எடுத்தேன். நீ வருகிற அத்தியாயம் எதுவாக இருக்கும் என்று பக்கங்களைப் புரட்டித் தேடி எடுத்தேன் என்று சொல்வதுதான் சரி.

அதில் இப்படி இருந்தது: 'தாய் உத்தியோகத்தின் பொருட்டு மாஹே சென்றுவிட, ஐந்து வயதுப் பாலகனை என் சொந்த மகனாக ஏற்று வளர்த்தேன்.' இந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. உன் அப்பா இறந்து ஆறு மாதத்தில் எனக்கு வேலை கிடைத்தது. புதுச்சேரி அரசு வேலை என்றால் நம் காரைக்காலில்தான் போடுவார்கள் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, எனக்கு மாஹே. அந்தக் கேரளக் கரையில் ஒரு அறை எடுத்து உன்னையும் கூட்டிப் போகிறேன் என்றேன். "தனியா ஒரு பொம்பள, பாஷ தெரியாத ஊர்ல, சின்னப் புள்ளயோட. ஊரு என்ன பேசும்? நீ போ. பையன் இங்க இருக்கட்டும்" என்றார் பெரியப்பா. வேலையை விட்டால் அடுத்தது வராது. போனேன். ஆக, நான் போனது உண்மை, உனக்கு ஐந்து வயது என்பது உண்மை, அவர் வளர்த்ததும் உண்மை. மூன்று உண்மைகளைச் சேர்த்துக் கட்டியதில் நான் பிள்ளையை விட்டுவிட்டுப் போனவளாக ஆகியிருந்தேன்.

அந்த வாக்கியத்தில் இல்லாதது சனிக்கிழமைகள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் வருவேன். ரயில் மாறி ரயில் ஏறி, மாயவரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, கையில் உனக்காக நேந்திரங்காய் சிப்ஸோடு வரிச்சிக்குடி வாசலில் வந்து நிற்பேன். உன் பெரியம்மா எட்டிப் பார்த்து, "வா வா. புள்ள இல்லியே, பூவத்துக்குப் போயிருக்கான், அத்த வீட்டுக்கு" என்பார். முதல் மாதம் தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது மாதமும் நீ பூவத்தில் இருந்தாய். மூன்றாவது மாதம், "நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேங்க்கா" என்று வாசலிலேயே திரும்பினேன். உள்ளேயிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார். "எதுக்கும்மா? நீ நாளைக்கே கிளம்பப் போற. மூஞ்சிய காட்டிட்டு காட்டிட்டுப் போனா புள்ள ஏங்கிப்போயிடும். ஜொரம் வந்து படுத்துடும். அப்புறம் யாரு பாக்கறது?" அப்படியும் ஒரு தடவை பூவத்துக்குப் போனேன். உன் அத்தை கதவைத் திறந்து, "அய்யோ அண்ணி, இப்பத்தான் அவன் அவங்க மாமாவோட தரங்கம்பாடி கடலுக்குப் போனான்" என்றாள். அவள் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னதால் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ் எல்லைச் சோதனைச் சாவடியில் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். பூவத்து மாமாவின் டிவிஎஸ் வண்டியின் முன்னால் நின்றுகொண்டு நீ எதற்கோ சிரித்தபடி வந்தாய். நான் எழுந்து கூட்டத்தை விலக்கிப் படிக்கட்டுக்கு வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது, உங்கள் வண்டியும் திரும்பிவிட்டது.

பொங்கல், பரீட்சை விடுமுறை என்று பெரிய லீவுகளில் உன்னோடு இருந்தேன். அப்போது வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், நீ யார் மடியிலாவது இருப்பாய். மாற்றல் கிடைத்து ஊரோடு வந்து சேர்ந்த அன்று, நீ வாசலுக்கு ஓடி வந்து என்னைப் பார்த்து "வாங்க" என்றாய். விருந்தாளியைச் சொல்வது போல. பெரியம்மாவை நீ, வா, போ என்பாய். என்னை இன்று வரைக்கும் நீங்க, வாங்க என்கிறாய். எல்லாரும் உன்னை மரியாதை தெரிந்த பிள்ளை என்பார்கள். அந்த மாதங்களில் உன்னிடம், அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அம்மா வரவில்லை என்று சொல்லியிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உனக்கு எட்டு வயதில் என்னோடு சண்டை போட்டபோது, "நீங்கதான் வரவே இல்லியே" என்று கத்தினாய். வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு எட்டு வயதுப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? பெரியப்பா வீடு, ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ போய்ச் சாப்பிட்ட வீடு, சைக்கிள் கற்றுக்கொண்ட வீடு.

ஆக, எட்டாம் அத்தியாயத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: 'தாய் வருகிற சனிக்கிழமைகளில் பையன் எங்கே இருந்தான்?' இதைத்தான் நான் என் மாணவிகளிடமும் கேட்பேன். நல்ல திருத்துநர் யாராக இருந்தாலும் கேட்கிற கேள்விதான். தாள்களை வாங்கிக்கொண்டு போன உன் பெரியப்பா இரண்டு நாளில் திரும்பி வந்தார். "என்னம்மா, பக்கத்துக்குப் பக்கம் செவப்பா இருக்கு? நான் பெயிலா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். "பாஸ்தான் மாமா. எட்டாவதுல மட்டும் ஒரு கேள்வி." "அதத்தான் கேக்க வந்தேன். சனிக்கிழமையெல்லாம் எதுக்கு இப்ப?" "படிக்கிறவங்க கேப்பாங்க மாமா. அம்மா வேலைக்குப் போனாங்கன்னு இருக்கு. பாக்க வந்தாங்களா, வந்தா புள்ள எங்க இருந்துச்சுன்னு தோணும்ல? நீங்க எப்படிப் பாத்துக்கிட்டீங்கங்கறது இன்னும் தெளிவாத் தெரியும்." அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாம்மா. அத விட்டுட்டேன் பாத்தியா. எவ்ளோ யோசிச்சு செஞ்சது அதெல்லாம்" என்றார். அங்கேயே என் பேனாவை வாங்கி எழுதினார்.

அவர் எழுதியது இது: 'மாதம் ஒருமுறை தாய் வருகின்றபோது, பையனின் நலன் ஒன்றையே கருத்தில் கொண்டும், பிஞ்சு உள்ளம் ஏங்கிவிடலாகாது என்ற தாயினும் சாலப் பரிந்த உணர்வோடும், அம்மாவுக்கு இந்த மாதம் லீவு இல்லை என்று அன்போடு சொல்லி அவனைப் பூவத்திற்கு அனுப்பி வைத்துவிடுவேன்.' எழுதிவிட்டு எனக்கே வாசித்தும் காட்டினார். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அதைத் தியாகம் என்றே இத்தனை காலமும் நினைத்திருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்தவள்தான் அந்தத் தாய் என்பதுகூட அந்த நேரத்தில் அவருக்கு நினைவில் இல்லை.

அன்று மாலை அந்த வாக்கியத்தைத் திருத்தினேன். நான் இதுவரை திருத்தியதிலேயே கவனமாகத் திருத்தியது அதுதான். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நலன், பிஞ்சு உள்ளம், சாலப் பரிந்த உணர்வு, அன்போடு எல்லாவற்றையும் எடுத்தேன். மிஞ்சியது: 'மாதம் ஒருமுறை தாய் வருகின்றபோது, அம்மாவுக்கு இந்த மாதம் லீவு இல்லை என்று சொல்லி அவனைப் பூவத்திற்கு அனுப்பி வைத்துவிடுவேன்.' நடுவில் புதைந்து கிடந்ததைத் தனிப் பத்தியாக்கி அத்தியாயத்தின் கடைசிக்குக் கொண்டுபோனேன். அதற்குப் பின்னால் வெற்றிடம்தான். பெரியப்பா படித்துவிட்டு, "நல்லாருக்கும்மா. சுருக்குன்னு இருக்கு. படிச்சவ கை பட்டா தனிதான்" என்றார். அப்படியே அச்சுக்குப் போனது. உனக்கு அவர் அனுப்பியது பழைய பிரதி. அதில் இது கிடையாது.

நான் அவரைத் தடுத்திருக்கலாம். மாமா, இதைப் போட்டால் உங்களுக்குத்தான் தலைக்குனிவு என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பார். சொல்லவில்லை. தெரிந்துதான் சொல்லவில்லை. நாளைக்கு ஊரே கூடியிருக்க, அவர் கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கொடுக்கிற ஒவ்வொரு பிரதியிலும் அந்த வரி இருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு வயிறாரச் சாப்பிட்டு முடித்தது போல இருக்கிறது. இதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள். உனக்கு டைபாய்டு வந்தபோது அவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக் கிடந்தது எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் நின்றது இருக்கிறது. அவற்றில் ஒரு எழுத்தைக்கூட நான் வெட்டவில்லை. வெட்டத் தோன்றியது. வெட்டினால் நானும் அவரைப் போலவே எழுதியவள் ஆகியிருப்பேன்.

இந்தக் கடிதத்தையும் திருத்தித்தான் அனுப்புகிறேன். காலையில் எழுதிய முதல் வடிவத்தில் அவரை என்னென்னவோ திட்டியிருந்தேன். உன் அப்பா இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பார். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இரக்கப்பட்டு அல்ல. திட்டினால் படிக்கிறவர் என்னைத்தான் பார்ப்பார், பாவம் எவ்வளவு கோபம் என்பார், அதற்குள் உன் பெரியப்பா நழுவிவிடுவார். நடந்ததை மட்டும் வைத்தால் அவர் நழுவ இடமில்லை. நீ இதழியல் படிக்கிறாய், நாளைக்கு யாரையாவது எழுத்தால் அடிக்க வேண்டிவரும். அப்போது உன் முதல் வடிவத்தில் கோபத்தையெல்லாம் எழுதித் தீர்த்துவிடு, பிறகு அந்தக் கோபத்தை எடுத்துவிட்டு, அது எதைப் பார்த்து வந்ததோ அதை மட்டும் வை. மாணவனுக்கு இதைச் செய்ய மனம் வராது. தன் கோபம்தான் கட்டுரையிலேயே நல்ல இடம் என்று நினைப்பான்.

நாளைக்கு நீ என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. கலங்கரை விளக்கம் இருந்தால் இருக்கட்டும். யார் இல்லை என்று ஒரு தடவை பார்த்துக்கொள் என்று மட்டுமே கேட்கிறேன். நான் உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை. மாதா மாதம் வந்தேன். இதை நீ நம்ப வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை பக்கமும். மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் சரி.

அம்மா

இதற்குக் கீழே இருப்பது விழா முடிந்தபின் எழுதியது. நீ சரியென்று சொன்னதால்தான் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கிறார்கள். நீ அங்கே மேடையில் இருந்தாய், நான் கீழே மூன்றாவது வரிசையில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன்.

காலையில் நீ வீட்டுக்கு வராமல் பஸ் நிலையத்திலிருந்து நேராக வரிச்சிக்குடிக்குப் போய்விட்டாய். கடிதத்தைப் படித்தாயா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நான் போன் செய்யவும் இல்லை. மண்டபத்தில் பெரியப்பா பட்டு வேட்டியில் இருந்தார். இரண்டு பேர் பேசினார்கள், சால்வை போட்டார்கள். பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். நீ தாளைப் பார்த்து, எழுதியிருந்ததை அப்படியே வாசித்தாய். கலங்கரை விளக்கமும் வந்தது. கை தட்டினார்கள். பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. நீ மைக்கை விட்டு நகராமல் அவர் பக்கம் திரும்பினாய்.

"பெரியப்பா, சனிக்கிழம அம்மா வந்தாங்கன்னு எனக்கு ஏன் சொல்லல?"

சத்தமாகக் கேட்கவில்லை, மைக்தான் சத்தமாக்கியது. அவர் சிரித்தார். பிள்ளை பழையதை ஞாபகம் வைத்திருக்கிறான் என்று பூரித்தவர் போல, "நீ ஏங்கிப்போயிடுவன்னுதான்டா" என்றார்.

"ஏங்கிட்டுத்தான் பெரியப்பா இருந்தேன்" என்றாய்.

உன் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியம்மா குனிந்து வளையலைத் திருகிக்கொண்டிருந்தார். பெரியப்பா மட்டும் சிரிப்பை மாற்றத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். நீ இறங்கி வந்து எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தாய், என் பக்கத்தில் இடம் இருந்தும். தொகுப்பாளர் சாப்பாடு தயார் என்று அறிவித்தார்.

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். சால்வையை எங்கேயோ வைத்துவிட்டிருந்தார். "ஏம்மா, மீதிப் பிரதியெல்லாம் நான் குடுக்கல. அடுத்து அடிக்கறப்ப அந்த ஒரு வரிய எடுத்துடலாமா?" என்று கேட்டார். கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

"முடியாது மாமா" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை.